‘சொறி நாயை வீட்ல வச்சிருக்கீங்களா?’ - பருவம் மாறினால் செல்லத்தைப் படுத்தும் அலர்ஜி... என்ன செய்யலாம்?

கார்த்திகை பிறந்தால் எங்கள் வீட்டில் இரண்டு விஷயங்கள் தவறாமல் நடக்கும். அம்மா பரணிலிருந்து அகல் விளக்குகளை இறக்குவார். சீனி தன் முன்னங்கால்களை நக்க ஆரம்பிப்பாள்.

சீனி எங்கள் வீட்டு லாப்ரடார். வயது மூன்று. தாம்பரத்தைத் தாண்டி இருக்கிறது எங்கள் வீடு. பக்கத்தில் இரண்டு காலி மனைகள். மழை பெய்தால் அங்கே இடுப்புயரத்துக்குப் புல்லும் பார்த்தீனியமும் மண்டிவிடும். சீனிக்கு அந்த இடம்தான் சொர்க்கம். அங்கே புரண்டுவிட்டு வந்து, ராத்திரி முழுக்க ‘சளக் சளக்’ என்று காலை நக்கிக்கொண்டிருப்பாள். அந்தச் சத்தத்தில் அப்பா எழுந்து ‘சீனி, போதும்’ என்பார். இரண்டு நிமிடம் நிறுத்துவாள். மறுபடியும் ‘சளக் சளக்’.

போன வருடக் கார்த்திகையில் அது நக்கலோடு நிற்கவில்லை. விரலிடுக்கு சிவந்தது. வயிற்றில் முடி கொட்டியது. காதுக்குள் பழுப்பு நிறத்தில் அழுக்கு சேர்ந்து, ஊறின துணி மாதிரி ஒரு வாடை. அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு வளைகாப்பு. தை மாதம் பிரசவம். வளைகாப்பு முடித்து அக்கா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

விசேஷத்துக்கு வந்த அத்தை, வாசலில் படுத்து வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்த சீனியைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டார். “பச்சப் புள்ள வரப்போற வீட்ல சொறி நாயை வச்சிருக்கியே... கொஞ்சமாச்சும் யோசிச்சியா?”

அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்தபடியே சொன்னார். “உத்திரமேரூர்ல சித்தப்பா தோட்டத்துல விட்டுடலாமா பாப்பா? அங்க இடம் நிறைய இருக்கு.”

நான் ஒன்றும் பேசவில்லை. என் காலடியில் சீனி காலை நக்கிக்கொண்டிருந்தாள்.

இந்த வாரம் இதைத்தான் எழுதப்போகிறேன். மழைக்காலம், பனிக்காலம் வந்தாலே நாய் சொறிய ஆரம்பிக்கிறது என்றால் அது அலர்ஜியாக இருக்கலாம். அலர்ஜி அழுக்கினால் வருவதில்லை, அடுத்தவருக்கு ஒட்டுவதும் இல்லை. ஆனால் அது அலர்ஜிதானா என்பதை நாமாக முடிவு செய்யக் கூடாது. எங்கள் வீட்டில் அந்தத் தப்பைத்தான் செய்தோம்.

நமக்குத் தும்மல், நாய்க்கு அரிப்பு

மகரந்தமோ தூசியோ ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நமக்கு மூக்கு ஒழுகும், கண் அரிக்கும். அதனால் நாய்க்கு அலர்ஜி என்றாலும் தும்மலைத்தான் எதிர்பார்க்கிறோம். நாய்க்கோ பெரும்பாலும் தோலில்தான் வெளிப்படும். மகரந்தத் துகள்கள், தூசிப்பூச்சி, பூஞ்சை எல்லாம் தோல் வழியாக உள்ளே போகின்றன. உடலின் எதிர்ப்பு மண்டலம் அவற்றை எதிரி என்று நினைத்துக் கொதிக்கிறது. விளைவு, அரிப்பு.

தோல் அலர்ஜி பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 3 வயதுக்குள் தலைகாட்டத் தொடங்கும். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பக், புல்டாக், ஷிட்சு, ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற இனங்களில் அதிகம். ‘நாட்டு நாய்க்கு இதெல்லாம் வராது’ என்பார்கள். அவற்றுக்கும் வரும்.

நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. மழை ஈரத்தில் புல்லும் பார்த்தீனியமும் முளைத்து, சில வாரங்களிலேயே பூத்துவிடும். வீட்டுக்குள்ளும் ஈரப்பதம் ஏறுகிறது. பாய், மெத்தை, சோபாவில் இருக்கும் தூசிப்பூச்சிக்கு அது கொண்டாட்டம். ஈரச் சுவரில் பூஞ்சை பிடிக்கும். தெள்ளுப்பூச்சியும் பெருகும். ஆக, நாய்க்கு நாலு பக்கமும் தொல்லை.

சொறியும் இடம் சொல்லும் சேதி

உங்கள் செல்லம் எந்த இடத்தைச் சொறிகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். டாக்டருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

* பாதம், விரலிடுக்கு, முகம், காது, அக்குள், வயிறு, தொடையிடுக்கு என்றால், மகரந்தம், தூசி போன்றவற்றால் வரும் அலர்ஜியாக இருக்கலாம்.

* வாலின் அடிப்பகுதி, இடுப்புக்கு மேல் முதுகு, பின் தொடை என்றால், தெள்ளுப்பூச்சிக் கடியைச் சந்தேகிக்க வேண்டும். அலர்ஜி இருக்கும் நாய்க்கு உடம்பெல்லாம் தெள்ளு இருக்க வேண்டியதில்லை, ஓரிரண்டு கடியே போதும்.

* பருவம் எதுவானாலும் வருடம் முழுக்க அரிப்பு, கூடவே அடிக்கடி காது சீழ், வயிற்றுப்போக்கு என்றால், சாப்பாட்டு அலர்ஜியாக இருக்கலாம். கோழி, மாட்டிறைச்சி, பால் பொருள், கோதுமை ஆகியவை வழக்கமான காரணங்கள். இதை உறுதி செய்ய, டாக்டர் சொல்லும் ஒரே வகை உணவை மட்டும் குறைந்தது 8 வாரம் தர வேண்டும். நடுவில் ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் கணக்கு கெட்டுவிடும்.

* காது நுனி, முழங்கை, குதிகால் பக்கம் தாங்க முடியாத அரிப்பு, செதில், முடி உதிர்வு என்றால், நுண்ணிய சொறிப்பூச்சியாக இருக்கலாம். இது மற்ற நாய்களுக்கும், ஓரளவு மனிதர்களுக்கும் ஒட்டும்.

கடைசி விஷயத்தைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அத்தை கேட்ட கேள்வி தப்பில்லை. ஒட்டக்கூடிய சொறியும் இருக்கிறது, ஒட்டாத அலர்ஜியும் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எது என்று கண்டுபிடிக்காமல் நாயைத் துரத்துவதும் தவறு, கண்டுபிடிக்காமல் குழந்தை பக்கத்தில் படுக்க வைப்பதும் தவறு.

நான் செய்த கற்பூர வைத்தியம்

டாக்டரிடம் போவதற்கு முன்னால் நாங்கள் செய்தவற்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில், எங்கள் வீட்டு வழக்கப்படி தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்துத் தடவினேன். நமக்குச் சேற்றுப்புண் வந்தால் பாட்டி போடுவாரே, அதே எண்ணெய். சீனி அதை மொத்தமாக நக்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் வாந்தி. நாய்க்குக் கற்பூரம் விஷம் என்பது எனக்கு அப்போது தெரியாது. கொஞ்சமாகத் தடவியிருந்ததால் தப்பித்தோம்.

அடுத்து மெடிக்கல் ஷாப்பில் ‘அரிப்புக்கு’ என்று கேட்டு ஒரு ஆயின்ட்மென்ட் வாங்கினேன். யாருக்கு என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதிலும் ஸ்டீராய்டு இருந்தது. மூன்றாவதாக, என் ஷாம்பூவைப் போட்டுத் தினமும் குளிப்பாட்டினேன். அரிப்பு இன்னும் கூடியது. நாயின் தோல் நம் தோலைவிட மெல்லியது. அதன் அமிலத் தன்மையும் வேறு. நம்முடைய ஷாம்பூவும் சோப்பும் அதை வறட்டிவிடும்.

உங்கள் வீட்டில் இவற்றையெல்லாம் செய்ய வேண்டாம்:

* கற்பூரம், டீ ட்ரீ ஆயில், தலைவலித் தைலம் தடவக் கூடாது. நாய் எதையும் நக்கத்தான் செய்யும்.

* உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தோல் வெந்து புண்ணாகும். நக்கினால் நுரையீரல் வரை பாதிக்கும்.

* வீட்டில் இருக்கும் சளி மாத்திரை, வலி மாத்திரை வேண்டாம். பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவை நாய்க்கு ஆபத்து. அலர்ஜி மாத்திரைகளில் சிலவற்றில் மூக்கடைப்புக்கான மருந்தும் கலந்திருக்கும். அது நாயின் இதயத்தைப் படபடக்க வைத்துவிடும்.

* போன வருடம் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையை, கேட்காமல் இந்த வருடமும் தரக் கூடாது. தருவதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

போனில் இருந்த பதில்

மார்கழி முதல் வாரம் சீனியை டாக்டரிடம் கூட்டிப்போனோம். அப்பாவும் வந்தார். டாக்டர் முதலில் கேட்ட கேள்வி: “எப்ப ஆரம்பிச்சுது? போன வருஷம் இதே நேரம் எப்படி இருந்தா?”

நானும் அப்பாவும் முழித்தோம். அப்போதுதான் போன் ஞாபகம் வந்தது. கேலரியில் சீனி படங்கள் மட்டும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. தேதி வாரியாகத் தள்ளிக்கொண்டே போனேன். சித்திரையில் எடுத்த படங்களில் பாதம் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. ஆடியிலும் அப்படியே. நவம்பர் நடுவில் எடுத்த படத்தில் விரலிடுக்கு துருப்பிடித்த மாதிரி பழுப்பு. ஜனவரியில் கருஞ்சிவப்பு. மார்ச்சில் மறுபடி வெள்ளை. அதற்கு முந்தைய வருடமும் ஏறத்தாழ இதே வரிசைதான். வெளிர் நிற முடி பழுப்பாவது எச்சிலில் இருக்கும் நிறமியால். அதாவது, எவ்வளவு நக்கியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

டாக்டர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சொறிப்பூச்சி இல்லை. படர்தாமரைக்கும் சோதித்தார், அதுவும் இல்லை. காதில் ஈஸ்ட் கிருமி பெருகியிருந்தது. வாடைக்குக் காரணம் அதுதான். “அலர்ஜி. இது யாருக்கும் ஒட்டாது. ஆனா முழுசா குணமாகும்னு நினைக்காதீங்க. சர்க்கரை, பிரஷர் மாதிரி கட்டுப்பாட்டுல வச்சுக்கணும்” என்றார்.

அப்பா ஒரே கேள்விதான் கேட்டார். “கொழந்தை வரப்போகுது சார். வச்சுக்கலாமா?”

“தாராளமா வச்சுக்கலாம். உண்ணி மருந்து, தடுப்பூசி, பூச்சி மருந்து மூணையும் தவறவிடாதீங்க. குழந்தையையும் நாயையும் தனியா விட்டுட்டுப் போகாதீங்க. அது எந்த நாயா இருந்தாலும்.”

வரும் வழியில் அப்பா உத்திரமேரூர் பேச்சை எடுக்கவே இல்லை.

நீங்களும் டாக்டரிடம் போவதற்கு முன் போன் கேலரியை ஒருமுறை தேதி வாரியாகப் பாருங்கள். இனிமேல் வாரம் ஒருமுறை பாதம், வயிறு, காது மூன்றையும் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். கூடவே, அரிப்புக்கு பத்துக்கு எத்தனை மார்க் என்று காலண்டரில் குறியுங்கள். சொறிவதே இல்லை என்றால் 0. சாப்பாடு, தூக்கம், விளையாட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சொறிகிறது என்றால் 10. மருந்து கேட்கிறதா என்பதை டாக்டர்களும் இப்படி ஒரு கணக்கில்தான் பார்க்கிறார்கள்.

வீட்டில் தினமும் செய்யக்கூடியவை

கால் கழுவுதல்: வாக்கிங் முடிந்து வந்ததும் நாலு கால்களையும் சாதாரணத் தண்ணீரில் கழுவி, விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடையுங்கள். வயிற்றையும் ஈரத் துணியால் ஒருமுறை துடைத்துவிடலாம். ஒட்டியிருக்கும் மகரந்தம் போய்விடும். துடைக்காமல் ஈரத்தோடு விட்டால் அங்கேயே ஈஸ்ட் வளரும். எங்கள் வீட்டு வாசலில் இப்போது ஒரு பழைய பேசினும் துண்டும் நிரந்தரமாக இருக்கின்றன.

குளியல்: டாக்டர் சொல்லும் ஷாம்பூ, சொல்லும் இடைவெளி. குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான தண்ணீர்தான், சூடு கூடாது. மருந்து ஷாம்பூவைப் போட்டதும் அலசிவிடக் கூடாது. பொதுவாக 10 நிமிடம் ஊற வேண்டும். அந்தப் பத்து நிமிடம் நாயை நிற்க வைப்பது பெரிய கலை. நான் சீனிக்குக் கேரட் துண்டு ஒவ்வொன்றாகக் கொடுப்பேன்.

படுக்கை: செல்லம் படுக்கும் துணியை வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டுத் தண்ணீரில் துவையுங்கள். தூசிப்பூச்சிக்கு அந்தச் சூடு வேண்டும். அடைமழை நாளில் காயாத துணியைப் போட வேண்டாம்.

தரை: தூசியைக் கிளப்பிக் கூட்டுவதைவிட ஈரத் துடைப்பம் நல்லது. ஃபினாயில் போட்டுத் துடைத்தால், தரை நன்றாகக் காயும் வரை நாயை விடாதீர்கள். புண்ணான பாதத்துக்கு எரியும்.

வாக்கிங் பாதை: பூத்து நிற்கும் புல், பார்த்தீனியம் இருக்கும் இடத்தைச் சில மாதங்களுக்குத் தவிர்த்துவிடுங்கள். பார்த்தீனியம் நமக்கும் தோல் அலர்ஜி தரும். பிடுங்குவதானால் பூப்பதற்கு முன்பே, கையுறை போட்டுக்கொண்டு பிடுங்குங்கள்.

உண்ணி, தெள்ளு மருந்து: ‘எங்க நாய் மேல ஒண்ணும் இல்லையே’ என்று விட்டுவிடாதீர்கள். நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் வருடம் முழுக்கத் தடுப்பு தேவை. எடைக்கு ஏற்ற மருந்தை டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் பூனையும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின், பூனையின் உயிருக்கே ஆபத்து.

காது: பட்ஸ் விட்டுக் குடைய வேண்டாம். டாக்டர் தரும் கரைசலை விட்டு, காதின் அடியில் மெதுவாகப் பிசைந்து, மேலே வரும் அழுக்கைப் பஞ்சால் எடுத்தால் போதும்.

என்னென்ன மருந்துகள் இருக்கின்றன?

எது வேண்டும் என்பது டாக்டர் முடிவு. என்ன தருகிறார்கள் என்று நமக்கும் தெரிந்திருந்தால் பயம் குறையும்.

ஸ்டீராய்டு சீக்கிரம் கேட்கும். ஆனால் தாகம், பசி, சிறுநீர் எல்லாம் கூடும். அதனால் முடிந்தவரை குறைந்த நாட்களுக்குத்தான் தருவார்கள். மனிதர்களுக்குக் கேட்கும் அலர்ஜி மாத்திரைகள் நாய்களில் பலவற்றுக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. நாயின் அரிப்பைத் தூண்டும் வேதிப்பொருட்களில் முக்கியமானது வேறு. அதைக் குறிவைக்கும் ஒக்லாசிட்டினிப் என்ற மாத்திரைக்கு 2013-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரு வயதுக்கு மேற்பட்ட நாய்களுக்கானது இது. லோகிவெட்மாப் என்ற ஊசியும் உண்டு, ஒருமுறை போட்டால் 4 முதல் 8 வாரம் தாங்கும்.

ஒமேகா-3 உள்ள மீன் எண்ணெய் தோலுக்கு நல்லது. ஆனால் பலன் தெரிய இரண்டு, மூன்று மாதம் ஆகும். பத்து நாளில் நிறுத்திவிட்டு ‘கேக்கல’ என்று சொல்லக் கூடாது. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று சோதித்து, அதையே சிறிது சிறிதாக ஊசியில் கொடுத்துப் பழக்கும் சிகிச்சையும் இருக்கிறது. அதற்கு 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை பொறுமை வேண்டும்.

செலவு கவலையா? சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 1903-லிருந்து இருக்கும் கல்லூரியின் அங்கம். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வெளியூர்க்காரர்கள் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையிலிருந்தே தொடங்கலாம்.

உடனே ஓட வேண்டிய நேரம்

முகம், கண் இமை, உதடு திடீரென வீங்கினால், மூச்சு வாங்கினால், தேனீயோ குளவியோ கொட்டியபின் வாந்தியோ மயக்கமோ வந்தால் நாளை வரை காத்திருக்க வேண்டாம். சில மணி நேரத்தில் ஈரமாக, சிவப்பாக, நாணயம் அளவில் புண் பரவினாலும், தலையைச் சாய்த்துக்கொண்டே நடந்தாலும் அன்றே காட்டிவிடுங்கள்.

இந்தக் கார்த்திகை

தையில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சீனிக்கு அப்போது வயிற்றில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. முதல் நாள் தொட்டில் பக்கத்தில் வந்து, மோந்து பார்த்துவிட்டு, அறை வாசலில் போய்ப் படுத்துக்கொண்டாள். குழந்தை அழுதால் முதலில் எழுவது அவள்தான், அடுத்துதான் அக்கா.

இப்போது குழந்தைக்குப் பத்து மாதம். அக்கா வரும்போதெல்லாம் தவழ்ந்து போய் சீனி காதைப் பிடித்து இழுக்கிறாள். நாங்கள் பக்கத்திலேயே இருந்து விலக்கிவிடுகிறோம்.

போன வாரம் அகல் விளக்குகள் இறங்கின. அன்று ராத்திரியே ‘சளக் சளக்’ சத்தமும் கேட்டது. ஆமாம், அரிப்பு திரும்பி வந்துவிட்டது. காலண்டரில் இன்றைக்கு மார்க் 3. போன வருடம் இதே நாளில் போட்டிருந்தால் 8 போட்டிருப்பேன். டாக்டரிடம் ஏற்கெனவே பேசிவிட்டோம், மருந்து தயார்.

கார்த்திகை தீபத்துக்கு அத்தை வந்திருந்தார். வாசல் பேசினைப் பார்த்து, “இது எதுக்கு?” என்றார். அப்பா சீனியின் காலைக் கழுவித் துடைத்துக்கொண்டே விளக்கம் சொன்னார். கேட்டு முடித்த அத்தை, “எங்க பக்கத்து வீட்ல ஒரு நாய் இப்படித்தான் சொறிஞ்சுக்கிட்டுக் கிடக்கு. அவங்ககிட்டயும் சொல்லணும்” என்றார்.

உங்கள் பக்கத்து வீட்டிலும் ஒரு நாய் அப்படி இருந்தால், நீங்களும் சொல்லுங்கள்.

*(அடுத்த வாரம்: மழைக்காலத்தில் பூனை ஏன் தண்ணீரே குடிக்க மாட்டேன் என்கிறது?)*